கம்பம் சாய்ந்த ஊர்களின் வழியே

வங்கக் கடலோரமாகச் சென்னையிலிருந்து கோடியக்கரை வரை ஏறக்குறைய 350 கிலோமீட்டர் நீளும் சாலை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புயல்கள் கரையேறிய இடங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுச் செல்கிறது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா சென்னையிலும், 2011 டிசம்பர் 30-இல் தானே புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையிலும், 2018 நவம்பர் 16-இல் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையிலும், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகிலும் கரை கடந்தன. மின்சாரக் கார் வாங்கலாமா என்று யோசிக்கும் குடும்பங்களில் விலைக்கு அடுத்தபடியாக எழும் கேள்விகள், வெளியூர் போனால் வழியில் நின்றுவிடுமா, புயலடித்து நான்கு நாள் கரண்ட் இல்லாவிட்டால் என்ன செய்வது, நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓட நேர்ந்தால் கைகொடுக்குமா என்பவையே. மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்த ஊர்களின் அனுபவத்தோடு இக்கேள்விகளை வைத்துப் பார்க்கும் எண்ணத்துடன், நாற்பது யூனிட் கொள்ளும் பேட்டரி உடைய ஓர் இந்தியத் தயாரிப்புக் காரில், ஐப்பசிக் கடைசியில், அந்தச் சாலை வழியே மேற்கொள்ளப்பட்ட பயணமே இக்கட்டுரைக்கு அடிப்படை. யூனிட் என்பது மின்கட்டண அட்டையில் காணும் அதே யூனிட்தான்; ஆயிரம் வாட் கருவி ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் மின்சாரம், அதாவது ஒரு கிலோவாட் மணி.

பயணத்தின் முதல் நிறுத்தம் வேளச்சேரி மேம்பாலம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் கீழ்த்தளங்களில் நின்ற கார்களை இழந்த சுற்றுவட்டாரத்து மக்கள், கனமழை எச்சரிக்கை வந்தாலே கார்களைக் கொண்டுவந்து இப்பாலத்தின் ஓரத்தில் வரிசையாக நிறுத்தத் தொடங்கினர். 2024 அக்டோபரில் அவ்வாறு நின்ற வரிசை நாளிதழ்களில் படமாக வந்தது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் ஒரு காலத்தில் பரந்து வாங்கிக்கொண்ட மழைநீர் இப்போது தெருக்களில் தேங்குவதால், மேடு என்று சொல்ல அப்பகுதிக்கு மிஞ்சியிருப்பது இந்தக் கான்கிரீட் மேடுதான். மின்காருக்கு இங்கே கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சார்ஜ் செய்வதற்கான இணைப்புகள் பெரும்பாலும் தரைக்குக் கீழுள்ள வாகனத் தளத்திலோ தூண்கள் மேல் எழுப்பிய கட்டடத்தின் அடித்தளத்திலோ அமைகின்றன. மழை வந்தால் முதலில் நீர் நிற்பதும், குடியிருப்போர் சங்கம் முதலில் மெயினை அணைப்பதும் அங்கேதான். காரை நிரப்பவேண்டிய இரவும் காரை மேட்டுக்கு ஏற்றவேண்டிய இரவும் ஒன்றாகவே வருவதால், இணைப்பை முதல் தளத்தின் உயரத்துக்கு ஏற்றி அமைக்காத குடியிருப்பு, மின்காரின் பயனில் பாதியைக் கட்டும்போதே இழந்துவிடுகிறது.

தண்ணீரில் மின்கார் ஓடினால் ஷாக் அடிக்கும் என்ற அச்சம் பரவலாக இருந்தாலும், இந்தியாவில் விற்கப்படும் மின்கார்களின் பேட்டரிப் பெட்டிகள் பொதுவாக ஐபி 67 என்ற தரத்தில், அதாவது ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாதபடி, அடைக்கப்பட்டே வருகின்றன. பெட்ரோல் வண்டியில் காற்று உறிஞ்சும் குழாய் வழியாக எஞ்சினுக்குள் நீர் புகுந்து அது நொறுங்குவதைப் போன்ற ஆபத்தும் இதில் இல்லை. ஆயினும் அரை மணி நேரத்துக்கான காப்பு, இரண்டு நாள் தேங்கிய வெள்ளத்துக்கான காப்பு ஆகாது. அதிலும் கடல்நீர் மிகக் கொடியது. 2022-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தை இயன் புயல் தாக்கியபோது உப்புநீரில் மூழ்கிய மின்கார்கள் சில, நீர் வடிந்து நாட்கள் கழிந்த பின்னும் தாமாகவே தீப்பற்றின. உப்புப் படிந்த இடங்களில் மின்சாரம் குறுக்குவழி கண்டு வெப்பம் ஏறியதே காரணம். ஆகவே கடல் புகுந்த ஊரில் மூழ்கி எழுந்த மின்காரை சார்ஜில் போடாமல், வீட்டை விட்டுத் தள்ளித் திறந்த வெளியில் நிறுத்திவிட்டு, பயிற்சி பெற்றவரைக் கொண்டு சோதிப்பது ஒன்றே வழி என்பதைக் கடலோர மக்களுக்கு எத்தனை முறை சொன்னாலும் தகும்.

மாமல்லபுரம் தாண்டிச் சிறிது தூரத்தில், சாலைக்கும் கடலுக்கும் நடுவே கல்பாக்கம் அணுமின் நிலையம் தென்படுகிறது. 1984-இல் வணிகமுறை உற்பத்தியைத் தொடங்கிய இந்நிலையத்தில், 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி நீர் கடல்நீர் இறைக்கும் பம்ப் அறைக்குள் புகுந்தபோது, ஓடிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. நிறுத்திய பிறகும் அணு உலை வெப்பத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். அதைக் குளிர்விக்கும் பம்புகளுக்கு வெளியிலிருந்தோ டீசல் ஜெனரேட்டரிலிருந்தோ மின்சாரம் வந்தாகவேண்டும். மின்சாரம் ஆக்கும் ஆலையே தனக்கென்று கொஞ்சம் மின்வழியைச் சேமிப்பில் வைத்திருக்கவேண்டும் என்பதும், அச்சேமிப்பு நீர்மட்டத்துக்கு மேலே இருக்கவேண்டும் என்பதும், ஆறாண்டு கழித்து ஜப்பானின் ஃபுகுஷிமாவில் ஜெனரேட்டர்கள் வெள்ளத்தில் மூழ்கியபோது உலகுக்கே தெரிந்தன. வேளச்சேரியின் அடித்தள சார்ஜ் இணைப்பும், அளவில் எத்தனையோ மடங்கு சிறியதாயினும், அதே வகைப் பிழைதான்.

மரக்காணத்து உப்பளங்களில் பாத்திகள் மழைநீரில் மூழ்கிக் கிடந்தன. உப்பு வாருவோரின் பருவம் முடிந்து, கரைகளில் பனையோலை மூடிய உப்புக் குவியல்கள் மட்டும் நின்றன. எழுபது கிலோமீட்டர் வேகத்தில் சென்றபோது ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டரும், அகன்ற பகுதிகளில் தொண்ணூறைத் தாண்டியபோது ஆறுக்குச் சற்றுக் கீழும் வண்டி கொடுத்தது. வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பு அதன் இருமடிக் கணக்கில் ஏறுவதால், மின்காரில் தூரத்தைத் தீர்மானிப்பது பேட்டரியைப் போலவே ஓட்டுபவரின் பொறுமையும்தான். நெரிசலில் நிற்கும்போது மோட்டார் எதையும் இழுப்பதில்லை. ஏசி மட்டும் மணிக்கு ஒரு யூனிட் அளவில் எடுத்துக்கொள்ளும். வெள்ளத்தால் சாலை மறிக்கப்பட்டு ஓரிரவு முழுதும் வண்டியிலேயே கழிக்க நேர்ந்தாலும், பாதி பேட்டரி உள்ள காரில் குழந்தைகளையும் முதியவர்களையும் புகையின்றி, எஞ்சின் சத்தமின்றி வைத்திருக்க இயலும். இது சிறிய செய்தி அன்று. ஃபெஞ்சலின்போது மயிலம், விழுப்புரம் பகுதிகளில் வாகனங்கள் மணிக்கணக்கில் நின்ற சாலைகளை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும்.

கடலூரைக் கடக்கும்போது சாலையோர மரங்களின் வயது கண்ணில் படுகிறது. தானே புயல் பண்ணுருட்டிப் பக்கத்தின் பலாத் தோப்புகளையும் முந்திரிக் காடுகளையும் வேரோடு சாய்த்தது. பாட்டன் வைத்த பலாவைப் பேரன் அறுத்து விற்ற ஆண்டு அது. இன்று நிற்பவற்றில் பெரும்பகுதி அதற்குப் பின் வைத்த கன்றுகள். இம்மாவட்டத்திலேயே நெய்வேலியில் நிலக்கரி எடுத்து மின்சாரம் ஆக்கப்படுகிறது. ஆக்கும் இடம் அருகில் இருந்ததால் அப்புயலுக்குப் பின் கடலூருக்கு விளக்கு முன்கூட்டி வந்துவிடவில்லை. மின்சாரம் ஆலையில் தீர்ந்துபோவதில்லை, கம்பத்தில் அறுந்துபோகிறது.

சிதம்பரம் அருகே சாலையோர உணவகம் ஒன்றின் வாசலில் சார்ஜ் போட நிறுத்தம். நேர்மின்சாரத்தை நேராகப் பேட்டரிக்குள் செலுத்தும் விரைவு சார்ஜரில் பத்து சதவீதத்திலிருந்து எண்பதுக்கு ஏற ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். எண்பதுக்கு மேல் பேட்டரியைக் காக்கும் பொருட்டு வேகம் குறைந்துவிடுவதால், நெடும்பயணத்தில் இருப்போர் அங்கேயே கழற்றிக்கொண்டு கிளம்பிவிடுவர். அன்று அறுபத்திரண்டில் கரண்ட் போயிற்று. திரை இருண்டது, காரில் செருகியிருந்த கனத்த கன் பூட்டிக்கொண்டு வர மறுத்தது. இத்தகைய நேரத்துக்கென்று பல கார்களில் பானெட்டுக்குள்ளோ டிக்கியின் பக்கச் சுவரிலோ கையால் இழுத்து விடுவிக்கும் ஒரு சிறு கயிறு வைக்கப்பட்டிருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதைக் காரின் கையேட்டில் அந்த நேரத்தில் தேடுவதைவிட, வாங்கிய அன்றே ஒரு முறை இழுத்துப் பார்த்துவிடுவது நல்லது. பன்னிரண்டு நிமிடத்தில் மின்சாரம் திரும்பியது. ஆனால் சார்ஜர் தானாகத் தொடரவில்லை, மொபைல் செயலி வழியாக மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டியிருந்தது. செல்போன் கோபுரங்களும் படுத்துவிடும் புயல் நாளில் இந்தச் செயலி எதற்கு உதவும் என்ற கேள்வி அங்கே நின்ற அனைவரிடமும் இருந்தது. பணம் வாங்குவதற்குச் செயலி ஒன்றையே நம்பாமல், இணையம் இல்லாதபோதும் இயங்கும்படி சார்ஜர்களை அமைக்கவேண்டும் என்பது கடலோர மாவட்டங்களுக்காவது விதியாக வரவேண்டும்.

வழியில் நின்று தெம்பு ஏற்றிக்கொண்டு செல்லும் பயணம் இந்தச் சோழநாட்டுக்குப் புதிதன்று. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழிநெடுகச் சத்திரங்களைக் கட்டினர்; இரண்டாம் சரபோஜி எழுப்பிய ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் இன்றும் கல்லில் நிற்கிறது. ஒரு நாளில் நடந்து முடிக்கக்கூடிய தூரமே அடுத்த நிழலுக்கும் அடுத்த சோற்றுக்கும் உரிய கணக்காக இருந்தது. கால் நடக்கும் தூரத்தைக் கூட்டுவதைவிடச் சத்திரங்களை நெருக்கி வைப்பது எளிது என்பதை அக்கால ஆட்சியாளர் அறிந்திருந்தனர். மேலும், சத்திரத்தில் கிணறு, கொட்டாரம், அடுப்பு என எல்லாம் அவ்விடத்திலேயே இருந்தன, வெளியிலிருந்து ஒரு கம்பி வழியாக வரவில்லை. சார்ஜ் நிலையங்களின் எண்ணிக்கையைப் பற்றி மட்டும் பேசப்படும் காலத்தில், நிலையத்துக்குள்ளேயே சூரியத் தகடும் சேமிப்புப் பேட்டரியும் உள்ளனவா என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

2022 நவம்பரில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழையைக் கண்ட சீர்காழியைத் தாண்டி, தரங்கம்பாடி, காரைக்கால் வழியாக நாகப்பட்டினம் வந்து சேர்கிறது சாலை. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் கம்பம் நிற்கிறது. கூம்பும் உருளையுமான வடிவங்களைப் பகலிலும், சிவப்பும் வெள்ளையுமான விளக்குகளை இரவிலும் கம்பத்தில் தொங்கவிட்டு, கடலில் இருப்போருக்கு ஆபத்தின் அளவை 1 முதல் 11 வரையிலான எண்களால் உணர்த்தும் முறை இது. பத்தாம் எண் பேராபத்து. பதினொன்றோ எச்சரிக்கை மையத்துடனான தொடர்பே அறுந்துவிட்டதற்கான குறி. புயல் சொல்லாமல் வருவதில்லை என்பதைக் கண்ணெதிரே காட்டும் கம்பம் இது. வங்கக் கடலில் தாழ்வுமண்டலம் உருவாவதற்கும் கரை கடப்பதற்கும் இடையே பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்கள் கிடைக்கின்றன. மின்காருக்கு அந்த அவகாசமே போதும். வீட்டிலுள்ள 15 ஆம்ப் ப்ளக்கில் மணிக்கு மூன்று யூனிட்டுக்குச் சற்று மேலாக ஏறும் என்பதால், காலியான நாற்பது யூனிட் பேட்டரியும் ஓர் இரவும் ஒரு காலையும் கழிந்தால் நிரம்பிவிடும். கூண்டு ஏறியதும் சார்ஜ் ஏற்றிவிடவேண்டும் என்பது, அரிசியும் மெழுகுவத்தியும் வாங்கி வைப்பதைப் போன்ற வழக்கமாகக் கடலோர வீடுகளில் ஆகவேண்டும்.

நிலநடுக்கத்துக்கு இந்தக் கருணை இல்லை. 2011 மார்ச் 11-இல் ஜப்பானின் வடகிழக்குக் கரையில் நேர்ந்த நிலநடுக்கத்துக்கும் ஆழிப்பேரலைக்கும் பிறகு, பெரும்பாலான இடங்களில் மின்சாரம் சில நாட்களில் திரும்பிவிட்டது; எண்ணெய்த் துறைமுகங்களும் சுத்திகரிப்பு ஆலைகளும் சேதமடைந்ததால் பெட்ரோல் தட்டுப்பாடோ வாரக்கணக்கில் நீடித்தது. மிட்சுபிஷி, நிசான் ஆகிய நிறுவனங்கள் அனுப்பிய மின்கார்கள் அவ்வூர்களில் நிவாரணப் பணிக்கு ஓடின. அந்த அனுபவத்தை ஒட்டி 2012-இல் நிசான், தன் லீஃப் காரின் பேட்டரியிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுக்கும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மின்காரின் பெருமை பேசுவோர் அடிக்கடி காட்டும் உதாரணம் இது. ஆனால் கஜாவுக்குப் பிறகு நாகை மாவட்டத்தில் நடந்தது இதன் தலைகீழ். புயல் தாக்கிய மாவட்டங்களில் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கேரளம் உள்ளிட்ட பிற மாநிலங்களிலிருந்தெல்லாம் மின்ஊழியர்கள் வந்து வேலை செய்தும் உட்கிராமங்கள் பலவற்றுக்கு மின்சாரம் திரும்ப வாரங்கள் ஆயின. டீசலோ கிடைத்தது, ஊரார் பணம் போட்டு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து மேல்நிலைத் தொட்டியில் நீர் ஏற்றினர். பேரிடரில் மின்கார் உதவுமா என்ற கேள்விக்கு ஊர்தோறும் விடை மாறுவது இதனால்தான்: முதலில் அறுவது எரிபொருளா மின்கம்பியா, முதலில் திரும்புவது எது என்பதை வைத்தே அது அமைகிறது. காவிரிக் கடைமடையில் முதலில் அறுவது கம்பி.

வேளாங்கண்ணித் தெருக்களில் நடக்கையில் தலைக்கு மேல் வானம் சற்று அகலமாகத் தெரிகிறது. உலக வங்கிக் கடனுதவியுடன் நடந்த கடலோரப் பேரிடர் தணிப்புத் திட்டத்தில் கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி ஆகிய ஊர்களின் மின்கம்பிகளை நிலத்தடிக் கேபிளாக மாற்றும் பணி எடுக்கப்பட்டதன் அடையாளம் அது. ஊரை விட்டு வெளியே வந்தவுடன் கம்பங்கள் மறுபடியும் தொடங்கிவிடுகின்றன. நகரத்துக்குப் புதைந்த கேபிளும் கிராமத்துக்குச் சாயும் கம்பமும் என்ற இந்த எல்லைக்கோட்டில் நின்று பார்த்தால், மின்காரை நம்பி வாழும் துணிவு யாருக்கு முதலில் வரும், யாருக்குக் கடைசியில் வரும் என்பது புரியும்.

வேதாரண்யம் சாலையில், 1930 ஏப்ரலில் திருச்சிராப்பள்ளியிலிருந்து இராஜாஜி தலைமையில் ஏறக்குறைய 150 மைல் நடந்து வந்த உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்களின் நினைவு இன்னும் மங்கவில்லை. அவர்களுக்குச் சோறும் தங்க இடமும் தருவோர் தண்டிக்கப்படுவர் என்று அன்றைய தஞ்சாவூர் மாவட்ட ஆட்சியர் தார்ன் ஆணையிட்டார். மக்களோ உணவுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டிவைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டனர். நெடுவழியில் எதை எங்கே வைத்தால் வருவோருக்குக் கிடைக்கும் என்பதை மக்கள் அறிந்து வைத்திருந்த ஊர் இது. அந்த அறிவு கஜாவின்போதும் வெளிப்பட்டது: ஜெனரேட்டர் ஓடிய இடங்களில் தெருவே கூடி, பல முனைப் பெட்டிகளில் பத்துப் பதினைந்து செல்போன்களைச் சேர்த்துச் செருகியது. அன்று அத்தெருக்களில் இல்லாதுபோனது வண்டி அன்று, சேமித்த மின்சாரம். மின்காரைப் பற்றிய பேச்சு எப்போதும் அது எவ்வளவு தூரம் ஓடும் என்பதிலேயே சுற்றுகிறது. புயலுக்குப் பிந்தைய வாரத்தில் அது ஓடுவதைவிட நின்ற இடத்தில் ஆற்றக்கூடிய பணி பெரிது.

வேதாரண்யத்துக்குத் தெற்கே தென்னந்தோப்பு நடுவிலுள்ள ஒரு வீட்டில் இதைக் கணக்கிட்டுப் பார்க்க முடிந்தது. தோப்பில் கஜாவுக்குப் பின் நட்ட கன்றுகள் பாளை விடத் தொடங்கியிருந்தன. அவ்வீட்டு இன்வெர்ட்டருக்கு இருந்தது 12 வோல்ட்டில் 150 ஆம்பியர் மணி கொள்ளும் ஒரே ஒரு பேட்டரி, அது 1.8 யூனிட். வாசலில் நின்ற கார் அதைப்போல் இருபத்திரண்டு மடங்கு. காரின் பேட்டரியிலிருந்து வெளிக் கருவிகளுக்கு 3.3 கிலோ வோல்ட்-ஆம்பியர் வரை மின்சாரம் எடுக்கும் வசதி சில இந்தியக் கார்களில் 2023 முதல் வந்திருக்கிறது. இரண்டு மின்விசிறி, நாலைந்து எல்இடி விளக்கு, குளிர்ப்பெட்டி, செல்போன், தொட்டிக்கு நீர் ஏற்றும் அரைக் குதிரைத்திறன் மோட்டார் ஆகியவற்றை அளவோடு ஓட்டினால் நாளொன்றுக்கு நான்கு யூனிட் ஆகும். பாதி பேட்டரியை அவசரப் பயணத்துக்கென ஒதுக்கிவிட்டாலும் ஐந்து நாள் தாங்கும். இன்சுலினைக் குளிரில் வைக்கவேண்டிய வீட்டுக்கு அந்த ஐந்து நாள் என்ன என்பதை விளக்கத் தேவையில்லை. ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்கான மும்முனை மோட்டாரை இக்கார் இழுக்காது. அதற்கு ஜெனரேட்டர்தான் வேண்டும்.

இதில் உயிர்போகும் தவறு ஒன்றுண்டு. காரிலிருந்து எடுத்த ஒயரை வீட்டின் ப்ளக்கில் நேராகச் செருகினால், மின்சாரம் மீட்டரைத் தாண்டித் தெருக் கம்பிக்கும் ஏறிவிடும். லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய லைன்மேன் அங்கே அடிபடுவார். தெருத் தொடர்பை முழுமையாக அறுத்த பின்னரே வீட்டுக்கு வேறு வழியில் மின்சாரம் தரும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இல்லாத வீட்டில், கருவிகளை நேராகக் காரின் இணைப்பில் மாட்டுவதோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். கூரையில் சூரியத் தகடு இருப்பதால் கவலையில்லை என்று எண்ணியிருப்போருக்கும் ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. மின்வாரியத் தொடர்போடு இணைந்து இயங்கும் சாதாரணச் சூரிய அமைப்பு, தெருவில் கரண்ட் போன கணத்தில், இதே லைன்மேனின் பாதுகாப்புக்காக, தானும் நின்றுவிடும். தகட்டில் வெயில் காய்ந்தாலும் வீடு இருட்டாகவே இருக்கும்; தனியே இயங்கவல்ல இன்வெர்ட்டரும் சேமிப்பும் இருந்தால்தான் கார் அந்த வெயிலைக் குடிக்கும்.

வேதாரண்யத்திலிருந்து நாகப்பட்டினம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி 60, தஞ்சாவூர் 100-க்கும் மேல். இருபது சதவீதத்தில் வீடு திரும்பி, காலையில் போட்டுக்கொள்ளலாம் என்று தூங்கச் சென்றவரின் காரில் ஐம்பது கிலோமீட்டருக்கான மின்சாரமே இருக்கும். பிரசவ வலி வந்த பெண்ணோடு புறப்பட அது போதாது. பெட்ரோலை ஒரு கேனில் வாங்கி வந்து ஊற்றிவிடலாம். மின்சாரத்தை அவ்வாறு சுமந்து வர இயலாது. வழியில் நின்றுபோன மின்காரைச் சக்கரம் உருள இழுத்துச் செல்வதும் மோட்டாருக்குக் கேடு. தூக்கி ஏற்றும் லாரி வரவேண்டும். எனவே பாதிக்குக் கீழே இறங்கவிடாமல் தினமும் கொஞ்சம் போட்டுவைப்பதே இந்தத் தொலைவுகளில் வாழ்வோர்க்கு ஏற்ற பழக்கம்.

அன்று மாலை கோடியக்கரைக்குப் போய்த் திரும்பியபோது வண்டியில் இருந்தது இருபத்தெட்டு சதவீதம். தோப்பு வீட்டின் திண்ணையோரப் ப்ளக்கில் செருகியதும் சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. கருவியில் கசியும் மின்சாரத்தை நிலத்துக்குள் கொண்டு சேர்க்கும் எர்த் கம்பி சரியாக இல்லாவிட்டால், மின்விசிறியும் மிக்சியும் ஓடும், கார் மட்டும் ஏற்றுக்கொள்ளாது. வீட்டுக்காரர் பின்புறம் சென்று, கட்டடத்தோடு பதித்த எர்த் குழியின் மேல் கிடந்த ஓட்டை விலக்கினார். உள்ளே மண் காய்ந்து குழாயை விட்டு விலகியிருந்தது. அவருடைய தாயார் உள்ளேயிருந்து இரண்டு கை கல்லுப்பு கொண்டுவந்து போட, மேலே நான்கு குடம் தண்ணீர் ஊற்றினர். குழி சற்று நேரம் குமிழியிட்டுக் குடித்தது. திரும்பி வந்து பார்த்தபோது பெட்டியில் பச்சை விளக்கு. வோல்டேஜ் 196, நிரம்ப இன்னும் பத்து மணி நேரம் என்று காரின் திரை காட்டியது. தெற்கே கடலின் மேல் மின்னல் வெட்டிக்கொண்டிருந்தது.